கேரவனில் கருகல் வாடை

2024 பிப்ரவரி 14, புதன்கிழமை காலை 10.20 மணிக்கு, அதே புகாரோடு மூன்றாவது முறையாக, ஓய்வுபெற்ற தாசில்தார் ஆதிமூலம் தன் கேரவனை நாமக்கல் பைபாஸ் ரோட்டிலுள்ள கோகிலவாணியின் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்.

முதல் முறை வந்தபோது, வண்டிக்குள் ஒயர் கருகுகிற வாடை வருகிறது, ஃபிரிட்ஜாக இருக்கும் என்றார். ஃபிரிட்ஜ் நன்றாக இருந்தது. இரண்டாம் முறை ஃபேன் என்றார். ஃபேனும் நன்றாக இருந்தது.

இந்த முறை மனைவி இந்திராணியும் கூட வந்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை இருவரும் கன்னியாகுமரிக்குக் கிளம்பி, அங்கிருந்து கடற்கரை ஓரமாகவே குஜராத் வரை போவதாக ஏற்பாடு. அந்த வாடை போகாமல் வண்டியில் ஏற மாட்டேன் என்று இந்திராணி சொல்லிவிட்டார்.

கோகிலவாணிக்கு வயது முப்பத்து மூன்று. லாரி, பஸ், கேரவன், எதுவானாலும் ஒயரிங் செய்வார். பட்டறையில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அறுபத்தொரு வயது ஆதிமூலமும் அப்படியே கூப்பிட்டார்.

"நீங்க சரி பண்ணித் தர வேண்டாம் மாஸ்டர். கத்துக் குடுங்க. நடு ரோட்டுல நான் உங்களை எங்க தேடுவேன்?"

"நல்லதுங்க சார். வாடை எங்கிருந்து வருதுன்னு முதல்ல நீங்களே கண்டுபிடிங்க. நான் வெளிய உக்காந்திருக்கேன்."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் ஆதிமூலத்துக்கு மூக்கு போய்விட்டது. மல்லிகையும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றுதான். வண்டியில் வாடை என்பதே இந்திராணி சொல்லித்தான் தெரியும். மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. முதல் மாதம் வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு, ஏன் முன்பே சொல்லவில்லை என்ற கேள்வி வரும் என்பதால் சொல்லவில்லை.

எழுதுவது அவருக்குக் கஷ்டமில்லை. முப்பத்து நான்கு வருட வேலையில், எட்டிக்கூடப் பார்க்காத ஏரிக்கரையை 'நேரில் பார்வையிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட நாட்களும் உண்டு.

நோட்டுப் புத்தகத்தோடு வண்டிக்குள் ஏறினார். ஃபிரிட்ஜை மட்டும் போட்டு, பத்து நிமிடம் உட்கார்ந்திருந்து, அணைத்தார். பிறகு ஃபேன். பிறகு தண்ணீர் மோட்டார், கரண்ட் அடுப்பு, ஏசி. கடைசியாகக் குளியலறை ஹீட்டர். ஆறின் எதிரிலும் 'வாடை இல்லை' என்று எழுதினார்.

இறங்கி வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, முடிவுரையைத் தொடங்கினார். எழுதும்போதே வாய்விட்டுப் படிப்பது அவர் வழக்கம்.

"மேற்படி ஆறு சாதனங்களும் தனித்தனியே இயக்கிப் பார்க்கப்பட்டன."

கோகிலவாணி எழுந்தார். கீழே கிடந்த ஒயர்த் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து, ஆதிமூலத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று, லைட்டரால் அதைக் கொளுத்தினார். கறுப்புப் புகை மெல்லியதாக எழுந்து அவர் காதோரமாகப் போயிற்று. மூலையில் வேலை செய்துகொண்டிருந்த வெல்டர் முகமூடியைத் தூக்கிப் பார்த்தார். இந்திராணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"எதிலும் எவ்வித வாடையும் இல்லை" என்று எழுதி, ஆதிமூலம் அடிக்கோடு போட்டார்.

கோகிலவாணி ஒயரை மண்ணில் தேய்த்து அணைத்தார்.

"எத்தனை வருஷமாச்சுங்க சார்?"

"எது?"

திரும்பிப் பார்த்தார். இடுக்கியில் கருகிய ஒயர் இருந்தது. மனைவியின் மூக்கில் முந்தானை இருந்தது.

"நாலு" என்றார்.

இந்திராணி முந்தானையை எடுத்தார். "அப்ப தினம் ரசத்தை மோந்து பார்த்துட்டு, ஆகான்னு சொன்னது?"

"நல்லாத்தான இருந்திருக்கும்."

வெல்டர் முகமூடியைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"போன ஆடியில சமையல்கட்டுல கேஸ் ஒழுகினப்ப, ஒண்ணுமில்லைன்னீங்களே?"

"எனக்கு ஒண்ணும் தெரியலை. அதான் ஒண்ணுமில்லைன்னேன்."

இந்திராணி கோகிலவாணியின் பக்கம் திரும்பினார். "நான் போகலை கண்ணு. நான் அசந்து தூங்குவேன், வண்டி எரியும், இவரு பக்கத்துல உக்காந்து வாடை இல்லைன்னு எழுதிட்டிருப்பாரு."

ஆதிமூலம் நோட்டை மூடினார்.

"மாஸ்டர், மூக்கு இல்லாதவன் இந்த வண்டியை எப்படிப் பார்த்துக்குவான்?"

கோகிலவாணி இந்திராணியைக் கேட்டார்.

"அம்மா, வாடை எப்ப வரும்?"

"இவரு குளிக்கறப்ப."

"அவரு மேலயா, வண்டியிலயா?"

"அது வேற வாடை கண்ணு. இது வண்டியில."

"அவரு குளிக்கறப்ப ஏசி ஓடுமா?"

"ஓடாம? நான் அடுப்பு முன்னாடி நிப்பேன். வேர்த்து ஊத்தும்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே?"

"என்னை யாரு கேட்டா?"

கோகிலவாணி ஆதிமூலத்தைப் பார்த்தார். "ஹீட்டரையும் ஏசியையும் சேர்த்துப் போடுங்க சார்."

"ரெண்டையும் தனித்தனியா விசாரிச்சாச்சே மாஸ்டர்."

"தனித்தனியா விசாரிச்சா எல்லாரும் யோக்கியந்தானுங்க."

மூவரும் வண்டிக்குள் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டாவது நிமிடம் இந்திராணி கையைத் தூக்கினார்.

"வருது. அடுப்புக்கிட்ட."

"நல்லாப் பாருங்க அம்மா."

இந்திராணி இரண்டு மூன்று முறை மூச்சை இழுத்துப் பார்த்தார். "இப்ப இல்லையே. போயிருச்சு."

"போகலீங்க. உங்க மூக்குக்குப் பழகிருச்சு. வெளிய போய் நின்னுட்டு வாங்க."

இந்திராணி இறங்கிப்போய், வேப்பமரத்தடியில் நின்று, திரும்பி வந்து படியில் கால் வைத்ததுமே, "வருது" என்றார்.

ஆதிமூலத்தின் முகம் தெளிந்தது. "அப்ப உன் மூக்கும் லீவு போடும்."

"என்னுது லீவு. உங்களுது ரிட்டையர்."

கோகிலவாணி மெயினை அணைத்தார். பட்டறைச் சுவரிலிருந்து வண்டிக்கு வந்த கேபிளைப் பிடுங்கிப் போட்டார். டெஸ்டர் வைத்துக் கரண்ட் இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு ஆதிமூலத்தைக் கூப்பிட்டார்.

"இப்ப புறங்கையை வைங்க. ஒயர் போற வழியிலேயே போங்க. கருக ஆரம்பிச்சாத்தான் மூக்குக்குத் தெரியும். கைக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்."

ஆதிமூலம் அடுப்பின் பிளக்கில் புறங்கையை வைத்தார். சூடு இல்லை.

"அங்கதான் வாடை. அங்கயே பாருங்க" என்றார் இந்திராணி.

"இங்க சூடு இல்லை."

"நான் மோந்து சொல்றேன்ல?"

"நான் தொட்டுச் சொல்றேன்ல?"

அவர் ஒயரோடு நகர்ந்தார். அலமாரிக்குப் பின்னால் போனார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார். அங்கிருந்து முழங்காலிட்டே வண்டியின் பின்பக்க மூலைக்குப் போனார். வெளியிலிருந்து வருகிற கரண்ட் வண்டிக்குள் நுழைகிற சாக்கெட் அங்கே ஒரு பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் மேல் கையை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"மாஸ்டர். இங்க."

கோகிலவாணி பெட்டியைத் திறந்தார். ஒரு ஒயரின் உறை பழுப்பேறி, நகம் பதிகிற அளவுக்கு இளகியிருந்தது. அதைப் பிடித்திருந்த ஸ்க்ரூ அரைச் சுற்று தளர்ந்திருந்தது.

"வண்டியில எதைப் போட்டாலும் கரண்ட் இந்த ஸ்க்ரூ வழியாத்தான் வரணும். ஒண்ணு ஓடினா தாங்கிக்கும். பெருசா ரெண்டு சேர்ந்தா சுடும்."

"அப்ப அடுப்புக்கிட்ட எப்படி வந்துச்சு?" என்றார் இந்திராணி.

"ஏசி காத்து தள்ளிட்டுப் போகுதுங்க அம்மா."

கோகிலவாணி கருகிய நுனியை வெட்டச் சொல்லி, செம்பு பளிச்சென்று தெரிகிறவரை ஒயரைச் சீவ வைத்தார். வெட்டியது, சீவியது, புது சாக்கெட் மாட்டியது, முறுக்கியது எல்லாம் ஆதிமூலம். முறுக்கிய பிறகு ஒயரை இழுத்துப் பார்க்கச் சொன்னார். அது அசையவில்லை. ஹீட்டரும் ஏசியும் அரை மணி நேரம் சேர்ந்து ஓடின. மெயினை அணைத்ததும் ஆதிமூலம் போய்த் தொட்டுப் பார்த்தார். இந்திராணி மூன்று முறை இறங்கி மூன்று முறை ஏறினார்.

"சூடு இல்லை" என்றார் ஆதிமூலம்.

"வாடை இல்லை. நிஜமாவே இல்லை" என்றார் இந்திராணி. பிறகு கணவரை ஏற இறங்கப் பார்த்தார். "வேற என்னென்ன தெரியாம தெரியும்னு சொல்லியிருக்கீங்க? ஒண்ணுவிடாம இப்பவே சொல்லிருங்க."

ஆதிமூலம் யோசித்தார்.

"வண்டியை ரிவர்ஸ் எடுக்க எனக்குச் சரியா வராது."

"அது நாமக்கல்லுக்கே தெரியும்."

இந்திராணி போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தன் பக்கத்துக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

ஆதிமூலம் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். நாள், நேரம், இடம் எழுதினார். கண்டறியப்பட்ட பழுது என்ன என்று எழுதினார். அதற்கு அடுத்த வரியில் பேனா நின்றது.

"மாஸ்டர், காரணம்னு ஒண்ணு எழுதணும். இந்த ஸ்க்ரூவை முறுக்கினது யாரு?"

"நான்தானுங்க சார். நவம்பர்ல, சாக்கெட் மாட்டினப்ப."

ஆதிமூலம் நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ விசாரணைகளில் இதே போன்ற கேள்வியைக் கேட்டிருக்கிறார். முதல் வாக்கியத்திலேயே பதில் வந்தது இல்லை. அந்தப் பெண்ணுக்கு உதவ வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"ரோட்டுக் குலுக்கல்ல கழண்டிருக்கும். அப்படியே எழுதிடறேன். ஒண்ணும் தப்பில்லை."

"குலுக்கலாவும் இருக்கலாமுங்க." கோகிலவாணி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "ஆனா ரோடுன்னு எழுதினா இந்த வண்டியோட முடிஞ்சிரும். நான்னு எழுதுங்க சார். நவம்பர்ல நான் இன்னும் நாலு வண்டிக்கு இந்த சாக்கெட்டை மாட்டியிருக்கேன்."

ஆதிமூலம் அவர் சொன்னபடியே எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அவரும் இந்திராணியும் கிளம்பிப் போனார்கள். பிப்ரவரி 21, புதன்கிழமை, கோகிலவாணி போன் செய்து வரவழைத்த அந்த நான்கு வண்டிகளில் கடைசியாக, சேலத்திலிருந்து ஒரு ரத்ததான பஸ் பட்டறைக்கு வந்தது. அதன் ஸ்க்ரூ முக்கால் சுற்று தளர்ந்திருந்தது.