பூரணம்மா எஞ்சினுக்கு வேலை போட்டுக் கொடுத்த கதை

ஒரு ஊர்ல ஒரு பிடிவாதக்காரி இருந்தா. பேரு பரிபூரணம். என்னடி சிரிப்பு? பேரே அதான். ஊரே பூரணம்மான்னு கூப்பிடும். முதல்ல காலை உதைக்காம படு. பெரியம்மா கதை சொல்லணும்னா நீ "ம்" கொட்டணும், அதான் எனக்குக் கூலி. எங்கே, கொட்டு பார்ப்போம். ம், அப்படித்தான்.

அந்தப் பூரணம்மா ரயில்வே ஜங்ஷனுக்கு எதிர்ல காப்பிக்கடை வச்சிருந்தா. அவ போடுற காப்பிக்கு ரயிலை விட்டுட்டு உக்கார்ந்தவங்ககூட உண்டு. ஆனா பாவம், ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. எழுந்தா "கடக்", உக்கார்ந்தா "மடக்". அடுப்புப் பக்கத்துல முக்காலி போட்டு உக்கார்ந்து காப்பி கலக்கிடுவா. அதை மேஜைக்கு யார் கொண்டு போறது? சர்வர் வேலைக்கு வந்தவன் எவனும் நிக்கல. பெரிய ஓட்டல்ல சம்பளம் அதிகம்னு ஓடிட்டான்.

அப்போ பெங்களூர்ல ஆபீசரா இருந்த அவ பையன் மணிவாசகன் ஊருக்கு வந்தான். "போதும்மா. கடையைப் பூட்டு. என்கூட வந்து நிம்மதியா டிவி பாரு"ன்னான்.

பூரணம்மாவுக்குச் சுருக்குன்னுச்சு. அவளுக்கு அந்தக் கடைதான் உசுரு. "டேய் வாசு, நான் உக்கார்ந்த இடத்துல இருந்தே எல்லா மேஜைக்கும் காப்பி அனுப்புவேன்டா"ன்னு வீம்புக்குச் சொல்லிட்டா.

"எப்படி அனுப்புவே? பறந்தா போகும்?"

"ரயில்ல போகும்."

அவன் சிரிச்சான். "சரிம்மா. அடுத்த மாசம் வரேன். நீ எழுந்திரிக்காம அனுப்பிக் காட்டு. ஒரு சொட்டு சிந்தினாலும் கடைக்குப் பூட்டு. சம்மதமா?"

"சம்மதம்டா, போ."

ம் சொல்லு. தூங்கிட்டியா? இல்லையா, சரி.

அப்புறம் பூரணம்மா ஆசாரியைக் கூப்பிட்டு, சுவரோரமா மேஜை உயரத்துக்குப் பலகை அடிச்சா. அது மேல பொம்மை ரயில் தண்டவாளம். எல்லா மேஜையையும் தொட்டுக்கிட்டு வளைஞ்சு வளைஞ்சு போச்சு. எஞ்சினுக்குப் பின்னாடி ஒரு தட்டு வண்டி, அதுல டபரா டம்ளர். முக்காலி பக்கத்துல ஒரு திருகு. திருகினா தண்டவாளத்துல லேசா கரண்ட் ஓடும், தொட்டாலும் ஒண்ணும் ஆகாது. எல்லாம் தயார். எஞ்சின்தான் வேணும். விலை கூடின எஞ்சின் வாங்க அவகிட்ட வசதி இல்ல. மலிவா வாங்கணும், ஆனா மலிவுன்னு ஏமாந்துடவும் கூடாது. அதான் கஷ்டம்.

பக்கத்துல பொம்மைக்கடை ஷாகுல் பாய் இருந்தார். "அக்கா, உங்க கைக்கு அடக்கமான விலைல மூணு எஞ்சின் கொண்டு வரேன். பார்த்து எடுங்க"ன்னார்.

"பார்க்கிறது என்ன பாய்? சர்வர் எடுக்கிற மாதிரிதான் எடுப்பேன். தளும்பத் தளும்ப ஒரு காப்பி கொடுப்பேன். கடைசி மேஜை வரைக்கும் கொண்டு போகணும். அவ்வளவுதான் பரீட்சை."

முதல்ல ஒரு பச்சை எஞ்சின் வந்துச்சு. அடேயப்பா, என்ன பளபளப்பு! தங்கக் கோடு, முன்னாடி விளக்கு, தலையில புகை. "கூ... கூ..."ன்னு கூவுது வேற. "அக்கா, பிள்ளைங்க எல்லாம் இதைத்தான் கேட்டு அழுவுது"ன்னார் பாய். பூரணம்மா கையில தூக்கிப் பார்த்தா. அப்பளம் மாதிரி லேசா இருந்துச்சு. காப்பியை வச்சா, திருகினா. "கூ..."ன்னுச்சு. சக்கரம் "சர்ர்ர்... சர்ர்ர்"னு நின்ன இடத்துலயே சுத்துச்சு. வண்டி ஒரு இம்மி நகரல. பாரம் இழுக்கணும்னா எஞ்சினுக்குக் கொஞ்சம் கனம் வேணாமா? சக்கரம் தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்க வேணாமா?

"வாய்தான் இருக்கு. உனக்கு வேலை இல்ல, போயிட்டு வா"ன்னு பெட்டியில போட்டு மூடிட்டா.

அப்புறம் சிவப்பு எஞ்சின். இது நல்ல கனம். பூரணம்மா திருகை மெல்லத் திருகினா. அசையல. இன்னும் கொஞ்சம். ம்ஹூம். இன்னும் கொஞ்சம் திருகினா பாரு, "விசுக்"னு பாய்ஞ்சுச்சு! டம்ளர் ஆடி, காப்பி "தளக் தளக்"னு மேஜையெல்லாம், பூரணம்மா புடவையெல்லாம் கொட்டிடுச்சு. திருகைக் குறைச்சா "டக்"குன்னு நின்னு மீதியையும் கொட்டிடுச்சு.

"வேகத்தைப் பார்த்தீங்களாக்கா!"ன்னார் பாய்.

"என் புடவையைப் பார்த்தீங்களா பாய்? வேகமா ஓடுறது எந்தக் கழுதைக்கும் வரும். மெல்லப் போகத் தெரியுதா, மெல்ல நிக்கத் தெரியுதா, அதைச் சொல்லுங்க. இவனும் வேண்டாம்."

ம்? ஆமா, மூணாவது. அதுக்குத்தான் வரேன், அவசரப்படாதே.

மூணாவதைக் கொடுக்க பாய்க்கே கூச்சம். மண் நிறம். பெயின்ட் அங்கங்க வழிஞ்சிருக்கு. பக்கத்துல ஒட்டின நம்பர் கோணலா இருக்கு. விளக்கும் எரியாது. "அக்கா, இது ரொம்ப நாளா விக்காம கிடக்கு"ன்னார். பூரணம்மா வாங்கித் தூக்கிப் பார்த்தா. கனம் இருந்துச்சு. குப்புறத் திருப்பிப் பார்த்தா. எல்லாச் சக்கரத்துக்கும் பல்சக்கரம் வச்சு, எல்லாமே சேர்ந்து சுத்துற மாதிரி செஞ்சிருந்தாங்க. அவளுக்கு முகம் மலர்ந்துச்சு.

காப்பியை வச்சா. திருகைத் தொட்டும் தொடாமலும் திருகினா. "க்ர்ர்ர்..." எறும்பு மாதிரி ஊர்ந்துச்சு. டம்ளர்ல நுரை அப்படியே நின்னுச்சு. கடைசி மேஜை வரைக்கும் போச்சு, வந்துச்சு. பூரணம்மா அதோட விடல. கிரைண்டர் வாங்கினவளாச்சே, மோட்டார் பத்தி அவளுக்குத் தெரியாதா? காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் ஓட விட்டா. காதை வச்சுக் கேட்டா, சத்தம் ஒரே சீரா இருந்துச்சு. தொட்டுப் பார்த்தா, இளஞ்சூடுதான். மோந்து பார்த்தா, கருகல் வாசனை இல்ல.

"பெயின்ட்டா காப்பி கொண்டு போகுது? இவனுக்கு வேலை போட்டாச்சு பாய்!"

அப்புறம் வாசு சொன்ன நாள் வந்துச்சு, அவனும் வந்தான். கடை நிறைய ஆளு. வாசு மூலை மேஜையில, தண்டவாளம் வளையுற இடத்துல போய் உக்கார்ந்தான். மேஜையில இருந்த தட்டுல ஒரு வடையை எடுத்துத் தின்னுக்கிட்டே, "ம், ஆரம்பிம்மா"ன்னான்.

"க்ர்ர்ர்..." முதல் மேஜைக்குப் போச்சு. சிந்தல. அடுத்த மேஜை, அதுக்கடுத்த மேஜை, எதுலயும் சிந்தல. ஜனங்க கை தட்டுறாங்க. கடைசியா வாசுவோட காப்பி. "க்ர்ர்ர்..." போகுது, போகுது, வளைவுல திரும்புது, அவன்கிட்ட வர ஒரு முழம் இருக்கிறப்போ நின்னு போச்சு.

கை தட்டினவங்க எல்லாம் எட்டிப் பார்த்தாங்க. போச்சே, இத்தனை வருஷக் கடை போச்சேன்னு பூரணம்மா நினைச்சா.

"நின்னுடுச்சும்மா. மலிவு எஞ்சின் வேற எப்படி இருக்கும்? பூட்டு எங்கே?"ன்னான் வாசு.

அப்போ பூரணம்மா கண்ணை மூடிக்கிட்டுக் காதைத் தீட்டினா. மோட்டார் திணறினா "ம்ம்ம்"னு முனகும். இதுல முனகலே இல்ல. அப்போ மோட்டார்ல குத்தம் இல்ல, அதுக்குக் கரண்டே போய்ச் சேரல. ஏன் சேரல?

"வாசு, அது நிக்கிற இடத்துல தண்டவாளத்தைத் தொட்டுப் பாரு. கையில என்ன ஒட்டுது?"

தொட்டான். முழிச்சான். "எண்ணெய்ம்மா."

"யாரு எண்ணெய்டா அது? வடை தின்ன கையை யாரு அது மேல ஊனிக்கிட்டு உக்கார்ந்தது?"

கடையில ஒரே சிரிப்பு. வாசுவுக்குக் காது வரைக்கும் சிவந்து போச்சு.

"என் எஞ்சின் மேல பழி போடாதே. எடு கைக்குட்டையை. அழுத்தித் தொடை."

தொடைச்சான். பெங்களூர் ஆபீசர், சலவை பண்ணின கைக்குட்டையால, குனிஞ்சு நல்லாத் தொடைச்சான். உடனே "க்ர்ர்ர்..."னு எஞ்சின் தானா கிளம்பி, அவன் முன்னாடி பூ மாதிரி நின்னுச்சு. டபராவை எட்டிப் பார்த்தான். சிந்தினது ஒரு சொட்டுகூட இல்ல.

வாசு டம்ளரை எடுத்து ஒரு வாய் குடிச்சான். சூடு ஆறுறதுக்குள்ள முழுசாக் குடிச்சு முடிச்சான். காலி டம்ளரைத் தட்டு வண்டியில பதமா வச்சான். பூட்டைப் பத்திப் பேச்சே காணோம்.

"அம்மா, இன்னொரு காப்பி. சக்கரை கம்மியா."

முக்காலியை விட்டு எழுந்திரிக்காமலே பூரணம்மா சொன்னா, "அந்த மேஜைக்காரர் உனக்கு முன்னாடியே கேட்டுட்டார். உன் முறை வரும், உக்காரு."

அவனும் கையைக் கட்டிக்கிட்டு உக்கார்ந்தான்.

அவ்வளவுதான் கண்ணு. காப்பி போய்ச் சேர்ந்தாச்சு, கதையும் போய்ச் சேர்ந்தாச்சு. ம் கொட்டினது போதும், கண்ணை மூடு.