தாழி வாங்கிய முள்ளம்பன்றி

ஒரு காட்டில், கூச்சமே உருவான முள்ளம்பன்றி ஒன்று தன் இரண்டு குட்டிகளோடு இருந்தது. யாராவது "சௌக்கியமா?" என்று கேட்டால்கூடப் போதும், அதற்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொள்ளும். பதில் மட்டும் வாயைவிட்டு வராது.

போன மழைக்காலத்தில் வளைக்குள் தண்ணீர் புகுந்து, சேர்த்து வைத்திருந்த இலந்தை வற்றல் முழுக்கப் பூசணம் பிடித்துவிட்டது. பாவம், குட்டிகள் பட்டினி கிடந்தன. அதனால் இந்த மழைக்கு முன்னால், மூடி போட்ட பெரிய மண் தாழி ஒன்றை எப்பாடு பட்டாவது வாங்கிவிடுவது என்று தாய் முள்ளம்பன்றி தீர்மானித்தது.

பிள்ளைகளே, அந்தக் காட்டில் காசு பணம் கிடையாது. கொடுக்கல் வாங்கல் எல்லாம் இலந்தை வற்றலில்தான். முள்ளம்பன்றியிடம் இருந்தது எட்டுக் கூடை. தாழிக்கடைக் கரடியோ ஆறு கூடை விலை சொன்னது.

"ஆறா, அண்ணாச்சி?" என்று முள்ளம்பன்றி இழுத்தது.

"தைரியமாக வாங்கு, தாயி. இதே தாழியை இந்தக் காட்டில் வேறு யாராவது குறைத்து விற்றால், பௌர்ணமிக்குள் என்னிடம் வந்து சொல். கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தந்துவிடுவேன். எல்லாருக்கும் இதே பேச்சுதான்" என்றது கரடி.

பக்கத்தில் நின்ற ஆண்மயிலும் அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் ஒரு தாழி வாங்கிப் போயிற்று.

சில நாள் கழித்து ஆற்றங்கரையில் நரி ஒரு கடை போட்டது. தண்ணீர் குடிக்கப் போன முள்ளம்பன்றி பார்க்கிறது, அதே தாழி அங்கே நான்கு கூடை! அதற்கு வயிறு எரிந்தது. இரண்டு கூடை என்றால் சும்மாவா? குட்டிகளின் பாதி மழைக்காலச் சாப்பாடு அல்லவா?

மயிலிடம் போய்ச் சொன்னது.

"அதற்காகத் திரும்பிப் போய்க் கேட்பதா?" என்று மயில் தோகையை உதறியது. "நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? கடைக்காரர்கள் ஆயிரம் சொல்வார்கள் அக்கா, எல்லாம் விற்கிற வரைக்கும்தான். நான் கேட்க மாட்டேன்."

முள்ளம்பன்றிக்கும் அதுவே சரி என்று பட்டது. ஆனால் வீட்டுக்கு வந்தால், குட்டிகள் காலிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு ஓரத்தில் ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தன. தாய்க்கு மனசு கேட்கவில்லை. கூச்சத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு நேரே ஆற்றங்கரைக்கு நடந்தது. நரியின் தாழியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது, முள்ளை வைத்து அளந்தது, குனிந்து அடிப்பக்கத்தையும் பார்த்தது. பிறகுதான் கரடியிடம் போயிற்று.

"அண்ணாச்சி, தப்பாக நினைக்கக் கூடாது..." என்று தொடங்கி, ஒரு வழியாகச் சொல்லி முடித்தது.

"அதே தாழிதானா? என் தாழியெல்லாம் மலைக்குரங்குகள் செய்தவை. அவர்கள் செய்தது என்றால் அடியில் கட்டைவிரல் அச்சு இருக்குமே" என்றது கரடி.

"இருக்கிறது, அண்ணாச்சி. உயரமும் அதேதான், வாயகலமும் அதேதான்."

"அப்படியானால் வா, நானும் என் கண்ணால் பார்த்துவிடுகிறேன்."

பாதி வழியில் முள்ளம்பன்றி நின்றது. "உங்களைப் பார்த்தால் நரி விலையை மாற்றிவிடும். நீங்கள் இந்த மூங்கில் புதருக்குப் பின்னால் நில்லுங்கள். நான் போய்க் கேட்கிறேன்."

வாயே திறக்காத முள்ளம்பன்றிக்கு வந்த யோசனையைப் பாருங்கள்!

"தாழி என்ன விலை?" என்று அது கேட்டதுதான் தாமதம், நரி ஊருக்கே கேட்கிற மாதிரி, "நாலே நாலு கூடை! அந்தக் கரடி ஆறு கூடை பிடுங்குகிறது, அங்கே போய் ஏமாறாதே" என்றது.

புதருக்குப் பின்னாலிருந்து கரடி வெளியே வந்தது. "வி... விலை ஏழு கூடை" என்று நரி உளறிற்று. அதைக் கேட்கத்தான் அங்கே ஆள் இல்லை. இருவரும் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கடைக்கு வந்ததும் கரடி இரண்டு கூடை வற்றலை எடுத்து வைத்தது. "உனக்குத்தான் நான் நன்றி சொல்ல வேண்டும், தாயி. மற்றவர்கள் எல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே நரியிடம் போய்விட்டார்கள். ஏன் என்று எனக்குத் தெரியவே இல்லை. நீ ஒருத்திதான் என் பேச்சை நம்பி வந்தாய்."

முள்ளம்பன்றிக்குக் கண் கலங்கியது. "என் பிள்ளைகள் வயிற்றில் பால் வார்த்தீர்கள், அண்ணாச்சி" என்று கும்பிட்டது.

பௌர்ணமி போயிற்று. மழை வந்தது, அடித்துப் பெய்தது. தாழிக்குள் நான்கு கூடை வற்றல் ஒரு சொட்டு ஈரம் படாமல் இருந்தது. ஒவ்வொரு பிடி எடுக்கும்போதும் முள்ளம்பன்றி கரடியை வாழ்த்தியது.

மழை முடியும் சமயம் ஒரு நாள், வளை வாசலில் மயில் வந்து நின்றது. தோகை நனைந்து தொங்கியது. தலை நிமிரவே இல்லை.

"அக்கா, என் தாழி காலி. ஒரு பிடி வற்றல்... கொடுப்பீர்களா?"

முள்ளம்பன்றி உள்ளே போய்த் தாழியைத் திறந்தது. இரண்டு பிடி அள்ளிக் கொடுத்தது.

நீதி: உனக்கு உரியதைக் கேட்டு வாங்க வெட்கப்படாதே.