இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது சீடை

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். ஒரு விருந்தில், மிஞ்சிய ஒற்றைச் சீடைக்காக இரண்டு பெரும்புலவர்கள் குடுமிபிடிச் சண்டை போட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டார். அன்று முதல் மீதம் என்ற சொல்லே அவருக்கு ஆகவில்லை.

"நாளைய விருந்துக்கு எத்தனை புலவர்கள் வருவார்கள்?" என்று கேட்டார்.

"ஒருவரும் வரலாம், பத்துப் பேரும் வரலாம், அரசே. எத்தனை சீடை பொரிப்பது என்று நம் விகடன் தாண்டவனே சொல்லட்டும்" என்றார் அமைச்சர் திருமேனிநாதர். தாண்டவனைக் கண்டாலே அவருக்கு எரியும்.

அரசருக்கு இது பிடித்துப்போயிற்று. "தாண்டவா, பந்தியில் அமர்வோர் அனைவருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும். ஒன்றும் மிஞ்சக் கூடாது. ஒன்றையும் உடைக்கக் கூடாது. தவறினால் நீ நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான்."

தாண்டவன் எட்டையும் ஒன்பதையும் பெருக்கினான். வந்ததை ஐந்தாலும், பிறகு ஏழாலும் பெருக்கினான். "இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது" என்றான். ஒன்று முதல் பத்து வரை எதனால் வகுத்தாலும் மீதமே விழாத எண் அது.

அமைச்சருக்கும் கணக்குத் தெரியும், அதுதான் வம்பு. மறுநாள் பத்துப் புலவர்கள் அமர்ந்ததும், இரவல் சால்வை போர்த்திய ஒருவரைப் பதினோராவதாகக் கொண்டுவந்து உட்காரவைத்தார். வந்தவர் அவருடைய மைத்துனர். அவருக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம்.

"ஆளுக்கு இருநூற்று இருபத்தொன்பது. அடடா, ஒன்று மிஞ்சுகிறதே!" என்று அமைச்சர் வருத்தப்பட்டார்.

தாண்டவன் சட்டென்று ஓர் இலையைப் போட்டுக்கொண்டு தானே சப்பணமிட்டு உட்கார்ந்தான். "பந்தியில் அமர்வோருக்கு என்பதுதானே கட்டளை? இப்போது பன்னிரண்டு பேர். ஆளுக்கு இருநூற்றுப் பத்து."

அமைச்சர் விடுவாரா? "எனக்கும் பசிக்கிறது" என்று பக்கத்தில் தொப்பென்று அமர்ந்தார். பதின்மூன்று பேர், பதினொரு சீடை மீதம்.

தாண்டவன் அரசரை நிமிர்ந்து பார்த்தான். "பதினான்காவது இலை தங்களுக்கு, அரசே. அமர்ந்தால் ஆளுக்கு நூற்றெண்பது. நான் இந்த நாட்டில் இருப்பதும் போவதும் இனி தங்கள் பசியைப் பொறுத்தது."

"கரும்பு தின்னக் கூலியா!" என்று அரசர் கிரீடத்தைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த சால்வைக்காரரிடம், "உண்ணும் முன் ஒரு பாடல் பாடும், புலவரே" என்றார்.

மைத்துனர் திருதிருவென்று விழித்தார். "அத்தான்..." என்று அமைச்சரைப் பார்த்தார்.

அரசருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "இவனை எழுப்பி வெளியே தள்ளுங்கள்!"

"வேண்டாம், அரசே" என்றான் தாண்டவன். "ஒருவர் எழுந்தால் பதின்மூன்று, மீதம் விழும். இருவராக எழுந்தால்தான் கணக்குச் சரி."

அமைச்சர் யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்தார். அரசர் இலை பறக்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவன் கழுத்தில் போட்டார். சீடையில் மட்டும் ஒன்றுகூட அதிகம் கொடுக்கவில்லை. ஆளுக்கு இருநூற்றுப் பத்துதான்.