தெப்பக்குளத்தில் இரண்டு வேட்பாளர்கள்

வெள்ளாற்றூரில் அமைச்சர் தேர்தல். குடவோலை முறை. போட்டியில் இரண்டே பேர், ஏகாம்பரமும் சாத்தப்பரும். ஊரில் கேள்வியும் ஒன்றுதான். கஞ்சாவை மருந்துக்கு விடலாமா, கூடாதா?

கூடாது என்பது பழைய சட்டம். அதை அரசர் வீரகேதுவால் மாற்ற முடியாது. அந்த நாட்டில் சட்டத்தைத் திருத்துவது அமைச்சர் வேலை. அரசர் முத்திரை குத்துவதோடு சரி.

அரண்மனைக் குதிரைலாயத்து இருளப்பனின் மனைவி பேச்சியம்மைக்கு வயிற்றில் கட்டி. வலியில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. அந்த இலையைப் போட்டு லேகியம் கிண்டினால் வலி மட்டுப்படும் என்றார் வைத்தியர். கிண்டினால் சிறை என்றது சட்டம். இருளப்பன் இரண்டு வேட்பாளர் வீட்டு வாசலுக்கும் போனான்.

ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோயாளிகள் பக்கம்தான் தான் என்றார். அன்று மாலையே மடத்தில், அந்த இலையை ஊருக்குள் விடவே மாட்டேன் என்றார். சாத்தப்பர் இன்னும் கெட்டி. கொள்கையளவில் சரி, நடைமுறையில் யோசிக்கணும், அறிஞர் குழு ஒன்று போடலாம் என்று அனுப்பிவிட்டார்.

அரசருக்கு எரிச்சல். அரசவை விகடன் தாண்டவராயனை அழைத்தார்.

"இவர்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியுமா?"

"வழக்கம்தான் இருக்கிறதே, அரசே."

வழக்கம் இதுதான். வேட்பாளர் தெப்பக்குளத்தில் கழுத்தளவு நீரில் நின்று வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் கரையேறினால் பெயர் குடத்தில் விழாது. கொடுத்ததை மீறினால் பதவி போகும். வருஷா வருஷம் சித்திரையில் சுகமாக நடக்கும். தாண்டவராயன் மார்கழி விடியலில் வைத்தான்.

ஊரே படிக்கட்டில். அரசரும் வந்திருந்தார். இருளப்பனும் நின்றான். வேட்பாளர்கள் இறங்கினார்கள்.

ஏகாம்பரம் ஊரின் பெருமையில் தொடங்கினார். சாத்தப்பர் தன் பாட்டனாரில் தொடங்கினார். வெயில் ஏறும்வரை பேசினார்கள். கஞ்சா என்ற சொல் மட்டும் வரவில்லை. பிறகு பல் தந்தியடித்தது. சாத்தப்பரின் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஏகாம்பரத்துக்கு இடுப்பு.

தாண்டவராயன் ஒரு கலயத்தோடு படியில் வந்து உட்கார்ந்தான். ஆவி பறந்தது.

"வலிக்கு நல்ல எண்ணெய். ஆனால் என்ன, இலை அந்த இலை. சட்டம் ஒப்பாது. குளத்திலேயே கொட்டிவிடட்டுமா?"

"ஓய், கொட்டாதேயும்" என்றார் சாத்தப்பர்.

"அறிஞர் குழு போடணுமே?"

"குழு கிடக்கட்டும். உயிர் போகுது. மருந்துக்கு விடலாம்."

"மடத்தில் என்ன சொல்வார்களோ" என்று ஏகாம்பரத்தைப் பார்த்தான்.

"மடத்துக்கா இடுப்பு பிடித்திருக்கிறது? மருந்துக்கு விடலாம். கலயத்தை இப்படித் தாரும்."

ஊர் கேட்டது. நீரில் நின்று சொன்ன வாக்கு. இனி குடத்திலிருந்து எவர் பெயர் வந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

இருவரும் கரையேறித் தேய்த்துக்கொண்டார்கள். சாத்தப்பர், அடடா, இலை என்றால் இதுவல்லவா இலை, வலி பறந்துவிட்டது என்றார்.

அரசர் தாண்டவராயனை முறைத்தார். "சட்டம் மாறுமுன் காய்ச்சியிருக்கிறாய். உன்னை உள்ளே போடணுமே?"

"இது வெறும் நல்லெண்ணெய், அரசே. எனக்குச் சட்டத்துக்குப் பயம் உண்டு."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்.

"குடத்தை இன்றைக்கே குலுக்கச் சொல்லுங்கள். குளிரில் பிடித்த காலுக்கு நல்லெண்ணெய் போதும். பேச்சியம்மைக்குப் போதாது."