எழுபத்திரண்டாம் நம்பர் நாற்காலி

பிளாஸ்டிக் நாற்காலிகள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலத்தில், வியாசர்பாடியில் ஒரு கல்யாண வரவேற்புக்கு வாடகைக்குப் போயிருந்தது ஒரு சிவப்பு நாற்காலி. முதுகில் வெள்ளைப் பெயின்டில் எழுபத்திரண்டு என்று எழுதியிருக்கும். யாரையும் லேசில் நம்பாத நாற்காலி அது.

அன்றைக்கு அதன் சந்தேகம் ஒரு பாட்டின் மேல் விழுந்தது. அந்த வருஷம் ஊரையே ஆட்டிவைத்த பாட்டு. ஸ்பீக்கரில் அது தொண்டையைக் கனைத்தாலே போதும், உட்கார்ந்தவன் எழுந்தான், எழுந்தவன் ஆடினான். ஆட இடம் வேண்டுமே? காலியான நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகி மூலையில் அடுக்கினார்கள். உள்ளே மாட்டியவை மூச்சுத் திணறின.

எழுபத்திரண்டின் மேல் மாப்பிள்ளையின் பெரியப்பா ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். நல்ல கனம். அவர் எழாதவரை அதற்கு ஆபத்தில்லை. எழுந்துவிட்டால்?

நாற்காலி பாட்டை மடக்கியது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று துருவியது. கோடம்பாக்கத்தில் கண்ணாடி அறையில் பிறந்தேன், கம்ப்யூட்டர்தான் வளர்த்தது என்று பாட்டு பீற்றிக்கொண்டது.

"அதெல்லாம் மேல்சட்டை தம்பி. உள்ளே இருக்கிற மேள அடி எனக்குத் தெரியும். போன மாசம் புளியந்தோப்புல ஒரு பாடைக்கு முன்னால போன அடி. சாவுக்கு ஆடிட்டு நேரா கல்யாணத்துக்கு வந்திருக்கே. பெரியப்பா காதுல போட்டா ஒயரைப் பிடுங்கிடுவார்."

பாட்டு தாளம் தப்பவில்லை.

"தாராளமா போடு அண்ணே. அந்தச் சாவு வீட்டுப் பந்தல்ல வரிசையா ஜனங்களை உட்கார வச்சது யாருன்னும் சேர்த்துச் சொல்லிடு. முதுகுல இதே நம்பர்தானே இருந்தது?"

சோப்பு போட்டுக் கழுவினால் யாருக்கும் தெரியாது என்றல்லவா நாற்காலி நினைத்திருந்தது.

அதற்குள் பெரியப்பாவின் கால் கட்டைவிரல் தரையைத் தட்டத் தொடங்கியிருந்தது. அவர் எழுந்தார். மூலைக்குத்தான் என்று நாற்காலி கண்ணை மூடிக்கொண்டது. அவரோ அதைத் தலைக்கு மேல் தூக்கி, நாலு காலும் வானத்தைப் பார்க்க, கூட்டத்துக்கு நடுவில் இறங்கி ஆடினார்.

மறுநாள் வாடகைக் கடைக்காரர் முனிரத்தினம் அதைக் கழுவித் தரையில் வைத்தார். அது சும்மா நிற்கவில்லை. ஒரு கால் டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது. அவர் குனிந்து அதைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"கல்யாணத்துல கத்துக்கிட்டியா, சாவுல கத்துக்கிட்டியா?"

அந்தக் கேள்விக்கு அன்று மூடிய வாயை நாற்காலிகள் இன்றுவரை திறக்கவில்லை.