கண் சிமிட்டாத படங்கள்

மேலக்கொத்தூர் ஓவியக்கூடத்தில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள்: நல்லபெருமாள், சூசைமாணிக்கம், பஞ்சாபகேசன். மூளைக்கு வேலை கொடுத்து அதை நோகடிக்கிற வழக்கம் மூவருக்கும் கிடையாது.

கூடத்துப் படங்களை இணையத்தில் ஏற்றியாகிவிட்டது. மேலாளர் அம்மா மூவரையும் கூப்பிட்டார். "ஒவ்வொரு படத்திலயும் என்ன இருக்குன்னு எழுதிப் போடுங்க. போன் அதை வாசிச்சுக் காட்டும். பார்வையில்லாத ஒருத்தர்கூட விட்டுப்போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு லீவில் போனார்.

முதலில் ஒரு படத்தின் விவரம் கேட்டுக் கடிதம் எழுதியவர் தில்லைநாயகி. வக்கீல். பிறவியிலேயே பார்வை இல்லை. அவரை அவருடைய அண்ணன் வரைந்த படம் இந்தக் கூடத்தில்தான் இருந்தது. அதில் தன் கண்கள் திறந்திருக்கின்றனவா, மூடியிருக்கின்றனவா? அண்ணனிடம் கேட்க ஏனோ கூச்சம். போன வருஷம் அண்ணன் காலமாகிவிட்டார். வேறு யாரைக் கேட்டாலும் மனசு நோகாதபடி எதையாவது சொல்வார்கள். அந்த ஒரு பதிலுக்கு அவர் ஏங்கிக்கொண்டிருந்தார்.

மூவரும் படத்தின் முன் நின்றார்கள்.

"கண்ணு திறந்துதான் இருக்கு" என்றார் நல்லபெருமாள்.

"திறந்திருந்தா போதுமா? பார்க்குதான்னு தெரிய வேண்டாமா?" என்று சூசைமாணிக்கம் படத்தின் முகத்துக்கு நேரே கையை ஆட்டினார். படம் இமைக்கவில்லை. "ஐயோ பாவம். இதுக்கும் பார்வை இல்லை."

பக்கத்தில் குதிரைமேல் இருந்த ராஜாவுக்கும் ஆட்டிப் பார்த்தார்கள். அவரும் இமைக்கவில்லை. குதிரையும் இமைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் கூடத்தில் ஒரு படத்துக்கும் பார்வை இல்லை என்பது உறுதியாகிவிட்டது.

"எத்தனை ஜனம் வந்து இதுங்களைப் பார்த்துட்டுப் போகுது. இதுங்க ஒருத்தரையும் பார்த்ததில்லையே" என்று பஞ்சாபகேசன் கண்கலங்கினார்.

"ஒருத்தர்கூட விட்டுப்போகக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. முதல்ல நம்ம வீட்டு ஆளுங்களைக் கவனிப்போம்" என்றார் நல்லபெருமாள்.

இணைய வேலை நின்றது. வருகிறவர்களைப் படங்களுக்கு விவரிக்கும் வேலை தொடங்கியது. "வழுக்கைத் தலை, தொப்பை, கையில முறுக்குப் பொட்டலம்" என்று ராஜாவிடம் விவரிக்கப்பட்ட ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

பதில் வராமல் தில்லைநாயகி நேரிலேயே வந்து நின்றார். "என் படத்துக்கு விவரம் கேட்டேனே, என்னாச்சு?"

"கொஞ்சம் பொறுங்கம்மா, அவங்களுக்கு முதல்ல சொல்லிடறேன்" என்று சூசைமாணிக்கம் படத்தின் காதருகே குனிந்தார். "தாயி, உனக்கு முன்னால ஒரு அம்மா நிக்கிறாங்க. ஊதாப் புடவை. நரைச்ச முடி. மத்தபடி அச்சு அசல் நீயேதான். உன்னை மாதிரியே கண்ணை நல்லாத் திறந்து வச்சிருக்காங்க. உன்னை மாதிரியே சிரிப்பை அடக்கிட்டு நிக்கிறாங்க."

தில்லைநாயகி ஒரு அடி முன்னால் வந்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் மெல்ல.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இவங்களுக்கே சரியாக் கேட்கலைன்னா, படத்துக்கு எங்கே கேட்டிருக்கும்?" என்றார் பஞ்சாபகேசன். "அந்தப் பக்கத்துக் காதுல சொல்லிப் பாரு."

படத்தில் இருந்தவள் ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஒரு காதுதான் தெரிந்தது. மூவரும் படத்தைப் பத்திரமாகக் கழற்றி, முன்பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டி, பின்புறத்துப் பலகையில் வாயை வைத்து, ஊதாப் புடவையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள்.