நம்பர் மாறாத திருத்தம்

கோயம்புத்தூரில் ஜவுளிக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் விற்ற மார்த்தாண்டனுக்கு வாய் கொஞ்சம் நீளம். ‘வெர்ஷன் 5.0, பிழையே கிடையாது’ என்று குடையில் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டார். மறுவாரமே அந்த மென்பொருள் பட்டுச்சேலைக்குத் துண்டு என்று பில் அடிக்க ஆரம்பித்தது.

முன்பெல்லாம் கடைக்கு ஆள் போய்ச் சரிசெய்வார். இப்போது திருத்தம், பேக்கேஜ் என்று ஒரே கோப்பாகக் கட்டி, இணையத்தில் போகிறது. கடைக் கம்ப்யூட்டரே அதை இறக்கிக்கொள்ளும்.

பேக்கேஜ் அனுப்பும் செண்பகவல்லியை மார்த்தாண்டன் கூப்பிட்டார்.

“தப்பைத் திருத்து. ஆனா நம்பர் 5.0தான். திருத்தினது ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. நம்பர் மாறிச்சுன்னா நீ வேற வேலை தேடிக்கோ.”

“சரிங்க சார். முதல்ல உங்க கம்ப்யூட்டருக்கே அனுப்பிடறனுங்க.”

சாயங்காலம் அவர் ஆபீஸையே கூட்டி வைத்துக்கொண்டு அப்டேட் பொத்தானை அழுத்தினார். ‘புதிதாக ஒன்றும் இல்லை’ என்றது திரை. மறுபடி அழுத்தினார், அதே பதில். ஒரு பில் போட்டுப் பார்த்தார். பட்டுச்சேலை துண்டாகவே வந்தது.

“என்னத்தைத் திருத்தின நீ?” என்று கத்தினார்.

“திருத்தி அனுப்பிட்டனுங்க சார். கம்ப்யூட்டர் நம்பரைத்தானுங்க பார்க்கும்? வந்ததும் 5.0, உள்ள இருக்கறதும் 5.0. இது எங்கிட்டயே இருக்குதேன்னு விட்டுடுச்சுங்க.”

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னீங்களே சார். கம்ப்யூட்டருக்கே தெரியாமப் பண்ணிட்டனுங்க.”